வாசலில் நின்ற விமானம்

லீவு கிடைக்கும் முன்பே டிக்கெட் எடுத்துவிட்டால், விமானம் வீட்டு வாசலுக்கே வந்து நின்றுவிடும். கோவில்பட்டியில் இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். செண்பகவல்லிக்கும் தெரியும். தெரிந்துதான் எடுத்தாள்.

அதற்காக அவளை அவசரக்காரி என்று சொல்லிவிட முடியாது. அவளுக்கு ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் அலுவலகத்தில் பகல் வேலை. கணவன் வேலாயுதத்துக்கு நூற்பாலையில் நிரந்தரமாக இரவு ஷிப்ட். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் முகம் பார்த்துக்கொண்டதெல்லாம் காலையும் மாலையும் வாசற்படியில் சாவி கைமாறும் நேரத்தில்தான். வார விடுமுறையிலும் அவனுக்கு ராத்திரித் தூக்கம் வராது. தான் புரண்டு புரண்டு படுத்தால் அவள் தூக்கம் கெடுமே என்று டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வான். நல்ல மனுஷன்தான். அந்த நல்ல குணத்தினாலேயே அவர்கள் ஒருவரையொருவர் இன்னும் கொஞ்சம் குறைவாகப் பார்த்துக்கொண்டார்கள்.

அப்படியிருக்கையில், புது எந்திரங்கள் மாட்டுவதற்காக ஆலையை ஒரு வாரம் மூடப் போவதாகச் செய்தி வந்தது. அன்று சாயங்காலம் சாவியைக் கொடுக்கும்போது வேலாயுதம், “வல்லி, அந்தமான் போவமா?” என்று கேட்டான்.

ஆபீசில் கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் அவள் சொல்லியிருக்க வேண்டும். மனசு கேட்கவில்லை. “போவோம்” என்று சொல்லிவிட்டு, அவன் தெருமுனை திரும்புவதற்குள் டிக்கெட்டைப் போட்டுவிட்டாள்.

ஆலை மூடிய அன்று காலையில் விமானம் வந்தது. அவள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். முன்சக்கரம் கோலத்தை மிதிக்காமல் ஒரு சாண் தள்ளியே நின்றது. மரியாதை தெரிந்த விமானம். இடது இறக்கை மட்டும் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளின் முருங்கை மரத்தில் உரசியது.

“எத்தன நாளு நிக்கும் மதினி?” என்று பேச்சியம்மாள் கேட்டாள்.

“லீவு கெடச்சதும் எடுத்துருவோம் மதினி.”

“கெடைக்கும், கெடைக்கும்” என்று சொல்லிவிட்டுப் பேச்சியம்மாள் துவைத்த துணிகளைக் கொண்டுவந்து இறக்கையில் காயப்போட்டாள். நல்ல வெயில் படும் இடம்.

வேலாயுதம் முதல் ஆளாக ஏறி, தோளில் கிடந்த துண்டை எடுத்து ஜன்னலோர இருக்கையில் போட்டான். பக்கத்து இருக்கையில் தான் உட்கார்ந்துகொண்டான். துண்டு போட்ட இடம் போட்டவருக்குத்தான். அதை விட்டுவிட்டுப் பேருந்தும் போகாது, விமானமும் போகாது. விமானி வந்து துண்டைப் பார்த்தார். திரும்பிப் போய் எஞ்சினை அணைத்தார்.

“அக்கா வாரதுக்குள்ள எல்லாரும் ஒரு காப்பி குடிக்கீங்களா?” என்று பணிப்பெண் ரெபேக்கா பயணிகளிடம் கேட்டாள். நாசரேத்துக்காரப் பெண். முகம் சுளிக்கவே தெரியாது.

இனி லீவு கேட்க வேண்டியதுதான் பாக்கி. கேட்பதில் ஒரு சிக்கலும் இல்லை. கொடுப்பதில்தான் சிக்கல். மேலாளர் கோதண்டம் சார், “இப்ப வந்துருதேன்” என்று தன் நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டு வெளியே போயிருந்தார். போய்ப் பல வருஷம் ஆகிறது. துண்டு கிடப்பதால் அந்த இடத்துக்கு வேறு யாரையும் போட முடியவில்லை. கடிதங்களையெல்லாம் துண்டின் முன்னால் வைப்பார்கள். சாயங்காலம் வைத்தபடியே எடுத்துக்கொள்வார்கள். துண்டு முடியாது என்று சொன்னதில்லை. சரி என்றும் சொன்னதில்லை.

செண்பகவல்லி கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய், லீவுக் கடிதத்தைத் துண்டின் முன்னால் வைத்தாள். “சார், அந்தமானுக்கு டிக்கெட் போட்டுட்டேன். வீட்டுக்காரரு பிளைட்டுல உக்காந்திருக்காரு” என்றாள். கொஞ்ச நேரம் நின்றாள். மின்விசிறிக் காற்றில் துண்டின் ஒரு முனை லேசாக அசைந்தது. வெளியே வந்தாள்.

கணக்கர் சீமைச்சாமி அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். “எம் மக கல்யாணம் முடிஞ்சதும் டெல்லிக்கி போட்டேன். அந்தப் பிளைட்டு இன்னும் எங்க கொல்லையிலதான் நிக்கி” என்றார். “இப்ப அடியில ஆடு கட்டுதோம். பயணிகளுக்கெல்லாம் இங்கனயே ரேஷன் கார்டு குடுத்துட்டாங்க. ஒருத்தரு வார்டு எலெக்‌ஷன்ல கூட நின்னாரு.”

“ஜெயிச்சாரா அண்ணாச்சி?”

“டெபாசிட் போச்சு.”

அவள் தினமும் போய் நின்று பார்த்தாள். சாயங்காலமானால் தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு விமானத்தில் ஏறுவாள். துண்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து, பெல்ட்டையும் போட்டுக்கொள்வாள். ஜன்னலுக்கு வெளியே சொந்த வீட்டுச் சுவர் தெரியும். வெள்ளையடிக்க வேண்டும் என்று நினைப்பாள். அலுவலகக் களைப்பில் கண் சொருகிவிடும்.

ஒரு நாள் விழித்தபோது தலை அவன் தோளில் இருந்தது. அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

“நீ தூக்கத்துல சிரிக்கே வல்லி” என்றான். “இத்தன வருசமா எனக்குத் தெரியாமப் போச்சே.”

அவன் தூங்கும்போது எப்படி இருப்பான் என்று தனக்கும் தெரியாதே என்று நினைத்தாள். தூக்குச்சட்டியைத் திறந்து இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

எந்திரம் மாட்டும் வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. இத்தனை வருஷமாகச் சோம்பிக் கிடந்த ஆட்களுக்கு அப்போது பார்த்து எங்கிருந்துதான் சுறுசுறுப்பு வந்ததோ. நாளை மறுநாள் ஆலை திறப்பு என்று அறிவித்தார்கள். திறப்புச் சங்கு ஊதினால் இரவு ஷிப்ட்காரனான வேலாயுதமும் இறங்கியாக வேண்டும். ஆபீஸ் நாற்காலி மாதிரி இல்லை; வண்டியில் துண்டைப் போட்டவன் இறங்கிவிட்டால் துண்டுக்கும் மதிப்பில்லை.

மறுநாள் காலை செண்பகவல்லி கோபத்தோடுதான் மேலாளர் அறைக்குள் போனாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்றிருந்தாள். ஆனால் பக்கத்தில் போய்ப் பார்த்ததும் கோபம் இறங்கிவிட்டது. துண்டு பழுப்பேறிக் கிடந்தது. ஓரமெல்லாம் நூல் பிரிந்திருந்தது. மழை நாளில் ஒழுகிய கறைகூட அப்படியே இருந்தது. ஞாயிறும் இல்லை, பொங்கலும் இல்லை. ஊரார் குறைகளையெல்லாம் கேட்டுக்கொண்டு வருஷக்கணக்காக அங்கேயே கிடக்கிறது. அதற்கு யார் லீவு கொடுத்தார்கள்?

“வாங்க சார்” என்று சொல்லி அதை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குக் கொண்டுபோய், சோப்புப் போட்டுக் கசக்கி, நாலு தண்ணீர் விட்டு அலசினாள். அழுக்கெல்லாம் போய் நீலக்கரை பளிச்சென்று தெரிந்தது. பேச்சியம்மாளின் சேலைக்குப் பக்கத்தில், இறக்கையில் விரித்துப் போட்டாள். துண்டு காற்றில் படபடத்தது. பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது மேலாளரின் நாற்காலி காலியாக இருந்தது. காலி இடத்தில் உட்கார்ந்தவருக்குத்தான் இடம். இதுவும் பேருந்தில் எல்லோரும் பார்த்ததுதான். செண்பகவல்லி போய் உட்கார்ந்தாள்.

சீமைச்சாமி எழுந்து வந்து, “வணக்கம் மேடம்” என்றார். “ஒரு லீவு லெட்டரு ரொம்ப நாளா கெடக்கு.”

“யாருது அது?”

“செண்பகவல்லின்னு ஒரு பொண்ணு. நல்ல பொண்ணு. வீட்டுக்காரரு பிளைட்டுல காத்திருக்காராம்.”

“அடடா, முன்னாடியே சொல்லக் கூடாதா?” என்று அவள் கையெழுத்துப் போட்டாள். அடுத்து சீமைச்சாமியின் கடிதத்திலும் போட்டாள். அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆடுகளை எங்கே கட்டுவது என்ற கவலையும் உடனே வந்துவிட்டது. பிறகு மேடமாக இருந்தவள் எழுந்து, தூக்குச்சட்டி பிடிக்கும் கைத்துண்டை நாற்காலியில் போட்டாள்.

“இப்ப வந்துருதேன்” என்றாள்.

“மெதுவா வாங்க மேடம்” என்று கைத்துண்டைப் பார்த்துச் சொன்னார் சீமைச்சாமி.

அவள் விமானத்தில் ஏறியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வேலாயுதம் ஜன்னலோர இருக்கையிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். அவள் உட்கார்ந்தாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ஆலைச் சங்கு விடிந்தால் ஊதும். அதற்குள் கடல் வந்துவிடும். சங்குச் சத்தம் கடலைத் தாண்டி வருவதில்லை.

பேச்சியம்மாள் இறக்கையிலிருந்த தன் துணிகளை எடுத்துக்கொண்டு, “போயிட்டு வாங்க மதினி!” என்று கை காட்டினாள். எஞ்சின் உறுமியது.

“விமானி சாரைக் காணோமே?” என்று செண்பகவல்லி கேட்டாள்.

“கடலைமிட்டாய் வாங்கப் போயிருக்காரு அக்கா. இப்ப வந்துருவாரு” என்றாள் ரெபேக்கா. “இறக்கையில ஒங்க துண்டு நல்லாக் காஞ்சிருந்துச்சி. எடுத்து அவரு சீட்டுல போட்டிருக்கேன்.”

முன்னறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. விமானியின் இருக்கையில் நீலக்கரைத் துண்டு சுத்தமாக மடித்துக் கிடந்தது. பொறுப்பெல்லாம் அதற்குப் புதிதில்லை. விமானம் முருங்கை மரத்தில் படாமல் எழும்பி, ஆலைப் புகைபோக்கியைச் சுற்றிக்கொண்டு கிழக்கே திரும்பியது. செண்பகவல்லி பக்கத்தில் பார்த்தாள். வேலாயுதம் வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவளும் தூங்கிப்போனாள்.