ஆட்சேபம் இருக்கு

ஊரைக் கைமாற்றிக் கொடுக்கும் பேச்சுவார்த்தை அது. மேஜைக்கு இந்தப் பக்கம் கிளம்பிப் போகிற அரசு, அந்தப் பக்கம் வரப்போகிற அரசு. ஊர்க்காரர்கள் இரண்டே பேர். அவர்களுக்குச் சுவரோரம் பின்வரிசையில் நாற்காலி. வாயைத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. பெண்ணைக் கேட்காமலே நிச்சயம் செய்கிற கதைதான்.

இருவரில் ஒருத்தி நர்ஸ். துறைமுகத் தெரு ஜனங்கள் ஓட்டுப் போட்டு ஊர்ச் சபைக்கு அனுப்பியவள். மற்றவர் வக்கீல்; அவரும் ஓட்டில் ஜெயித்தவர்தான்.

அன்றைக்குத் தேர்தல் விவகாரம். கைமாறிய பிறகு சபையில் பாதி இடங்களுக்கு ஓட்டு கிடையாது, நியமனக் குழு ஆள் பொறுக்கிப் போடும் என்றார்கள் வரப்போகிறவர்கள். துறைமுகத் தெருவும் அந்தப் பாதியில்தான் இருந்தது. கிளம்புகிறவர்கள் கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டுவிட்டு, சரி என்று தலையாட்டினார்கள். மூட்டை கட்டிவிட்டவர்களுக்கு அதற்கு மேல் என்ன அக்கறை!

செயலாளர் வழக்கம்போல எழுந்து வாசித்தார்: "உள்ளூர்ப் பிரதிநிதிகளுக்கு ஆட்சேபம் இல்லை."

எல்லாக் கூட்டமும் இப்படித்தான் முடியும். பேசக் கூடாதென்று உட்கார வைப்பதும் அவர்களே, பேசாததைச் சம்மதமென்று எழுதிக்கொள்வதும் அவர்களே. இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நர்ஸுக்கு அன்று பற்றிக்கொண்டு வந்தது.

"சும்மா இருங்கக்கா," என்று வக்கீல் கிசுகிசுத்தார். "நம்ம ரெண்டு பேரையும் புதுச் சபைக்கு நியமனக் குழுவே போட்டுடும்னு சொல்லியிருக்காங்க. காரியத்தைக் கெடுத்துடாதீங்க."

"ஓ, அதான் உங்க தொண்டை அடைச்சிருக்கா?"

நாற்காலியைத் தரதரவென்று இழுத்துப் போய் மேஜை முனையில் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆட்சேபம் இருக்கு. எழுதுங்க."

கிளம்புகிற தரப்பின் தலைவருக்கு முகம் சுண்டிப்போனது. "இது முறையில்லம்மா. நீங்க வெறும் பார்வையாளர்."

"பாக்க வந்தவளோட சம்மதத்தை எதுக்கு எழுதுறீங்க?"

செயலாளர் பேனாவும் கையுமாக இரண்டு தலைவர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்த வரியை எடுத்துடுங்க," என்றார்கள் இருவரும். அன்று அவர்கள் தகராறு இல்லாமல் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

நர்ஸ் எழுந்தாள். கீழே வாசலில் நிருபர்கள் காத்திருப்பது அவளுக்குத் தெரியும். கிளம்புகிற தரப்பின் தலைவருக்கும் தெரியும்.

"வெளியில போய் வாயைத் திறந்தீங்கன்னா புதுச் சபையில உங்களுக்கு இடம் கிடையாது," என்றார்.

இப்போதைய சபையில் இருக்கிற இடத்தை வைத்துத்தான் அவள் தெருவுக்கு ஒரு பிரசவ அறையை வாதாடி வாங்கியிருந்தாள். அந்த இடம் அவளுக்கு உயிர்.

"குடுத்தது நீங்களா, புடுங்கிக்கிறதுக்கு?" என்றாள். "குடுத்தவங்க வேலைக்குப் போயிருக்காங்க. சாயங்காலம் திரும்பி வருவாங்க. தைரியம் இருந்தா எங்க தெருவுக்கு வந்து, இனிமே ஓட்டு கிடையாதுன்னு அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுக் கிளம்புங்க."