தாழ்ப்பாள் உபயம்

செஞ்சி பஸ் ஸ்டாண்டை அடுத்த அரிசி ஆலையில் அன்புக்கரசிக்கு நெல் காயவைக்கும் வேலை. அங்கே பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும். அன்புக்கரசி தாழ்ப்பாள் கேட்டாள். மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

தொழிலாளர் சங்கச் செயலாளர் தனகோட்டி கொதித்தார். கொதித்ததைத் தானே செல்போனில் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டார். வீடியோ பதினேழு நிமிடம். ஆலையின் பெயர் பதினாறாவது நிமிடத்தில் வந்தது. அதுவரை யாரும் பார்க்கவில்லை. இனிமேல் போராட்டமெல்லாம் இதில்தான், வெயிலும் இல்லை, போலீஸ் அனுமதியும் வேண்டாம் என்று அன்புக்கரசிக்கு விளக்கினார்.

அடுத்தது போஸ்டர். டிஜிட்டல் கடை சிவசங்கரிடம் தனகோட்டியின் போன வருடப் பிறந்தநாள் பேனர் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது. எழுத்தை மாற்றினான், கேக்கும் பலூனும் பின்னால் அப்படியே தங்கிவிட்டன. சங்கத் தலைவர் படத்தைவிடத் தன் படம் பெரிதா என்று மட்டும் தனகோட்டி சரிபார்த்தார். அன்புக்கரசியின் கோரிக்கை அடியில் எறும்பு வரிசைபோல ஓடியது.

போஸ்டரைப் பேஸ்புக்கில் போட்ட ஒரு மணி நேரத்தில் அறுநூறு லைக். மேல்மலையனூரிலிருந்து ஒருவர் 'பல்லாண்டு வாழ்க அண்ணே' என்று தொடங்கிவைக்க, மற்றவர்களும் வாழ்த்தினார்கள். போராட்டத்துக்குத்தான் வாழ்த்து என்று தனகோட்டி எடுத்துக்கொண்டார்.

"வேலைக்கு எப்பண்ணா கூப்புடுவாங்க?"

"அறுநூறு பேரும்மா. இன்னா அவசரம்?"

மறுநாள் ஆலை முதலாளி பாண்டுரங்கனே சங்க அலுவலகத்துக்கு வந்தார். அடுத்த தேர்தலில் கவுன்சிலருக்கு நிற்கிற யோசனை அவருக்கு. தொழிலாளர் ஓட்டு வேண்டும். முதலாளி பணிந்துவிட்டார் என்று தனகோட்டி உடனே லைவ் போட்டார். பாண்டுரங்கன் சால்வை போர்த்தி, கையோடு கொண்டுவந்த கேக்கை மேசையில் வைத்து, பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார்.

தனகோட்டியின் பிறந்தநாளுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. லைவில் நானூறு பேர் இருந்தார்கள். அவர் கேக்கை வெட்டினார்.

மூலையில் நின்ற அன்புக்கரசி செல்போனுக்கு முன்னால் வந்தாள்.

"தலைவர் பொறந்தநாளுன்னா இல்லாதவங்களுக்கு எதுனா குடுக்கறது வழக்கம், மொதலாளி. எனக்கு வேலயும், அந்தக் கக்கூஸ் கதவுக்கு ஒரு தாப்பாளும் குடுங்க. தேடி வந்து ஓட்டுப் போடறோம்."

பாண்டுரங்கன் அவளைப் பார்க்கவில்லை, செல்போனைப் பார்த்தார். பிறகு கும்பிட்டார். "நாளைக்கே வா தங்கச்சி."

டிஜிட்டல் போராட்டத்தின் மாபெரும் வெற்றி என்று தனகோட்டி அன்று மூன்று தடவை பதிவு போட்டார்.

காலையில் அன்புக்கரசி வேலைக்குப் போனாள். கதவில் புதுத் தாழ்ப்பாள் மின்னியது. உள்ளே போய்ப் போட்டாள்; கச்சிதமாக விழுந்தது. வெளிப்பக்கம் பெயின்ட் உரிந்திருந்ததால் ஸ்டிக்கரை உள்பக்கம் ஒட்டியிருந்தார்கள். 'பிறந்தநாள் நலத்திட்ட உதவி. உபயம்: பாண்டுரங்கன். முயற்சி: தனகோட்டி.' தாழ்ப்பாளுக்குக் கீழே, உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக, இரண்டு பேரும் கும்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்புக்கரசி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தாழ்ப்பாளில் மாட்டினாள். இரண்டு முகமும் மறைந்தன.