கட் பண்ணினா போதும்

இருபத்திமூன்றாவது ஆளும் கட் பண்ணினார்.

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து, அடங்காத பிள்ளையை முறைப்பது போல அதை முறைத்தாள். அப்பாவின் போன் அது. பட்டன்களில் எண்ணெல்லாம் அழிந்துபோன பழைய போன். அப்பா கட்டிலில் கிடந்தார். காலை ஆறு மணிக்கு மூச்சு நின்றிருந்தது. கண்ணை மூடிவிட்டு, போர்வையை மார்பு வரை இழுத்துவிட்டாயிற்று. இனி அக்கம்பக்கத்துக்குச் சொல்ல வேண்டும். அதுதான் நடக்கமாட்டேன் என்றது.

"இவங்களும் எடுக்கலையா?" என்றார் அவள் கணவர்.

"எடுக்கலைன்னாக்கூடப் பரவாயில்லைங்க. அடிக்க அடிக்க கட் பண்றாங்க. மணி ஒரு தடவை முழுசா அடிக்க விடமாட்டேங்கிறாங்க."

"உன் போன்லேருந்து பண்ணிப் பாரேன்."

"என் நம்பர் இங்க யாருக்குத் தெரியும்? அப்பா நம்பர்னா உடனே எடுப்பாங்கன்னுதானே இதுலேருந்து பண்றேன்."

போனில் யாருடைய பெயரும் இல்லை. அப்பா தன் மனசுக்குப் பட்டதைப் போட்டு வைத்திருந்தார். ஒன்று, பச்சைக்கதவு. இரண்டு, இருமல்காரர். மூன்று, ரெட்டைப்பிள்ளை வீடு. காட்டோரத்து வீட்டில் ஆரம்பித்து, தேயிலைச் சரிவில் இறங்கி, ஃபேக்டரி வரைக்கும் வரிசை எண் போகிறது. இருபத்திநாலு, கேன்டீன். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கை தயங்கியது.

போன மாதம் கேன்டீன்காரர் தன் வாழைத்தோட்டத்து வேலியில் கரண்ட் விட்டிருந்தார். அப்பா நேரே போய் வனத்துறையில் சொல்லிவிட்டார். கேன்டீன்காரர் பதினோரு நாள் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார். "ஊரைப் பகைச்சுக்கிட்டு யானைக்கு வக்காலத்து வாங்கணுமாப்பா?" என்று இவள் கேட்டதற்கு, "ஏழு உருப்படி போகுதும்மா அந்த வழியா. குட்டி ஒண்ணு" என்றார். கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமே இருக்காது. அதுதான் அப்பா.

வருஷத்தில் நாலு மாசம் யானைகள் இந்தச் சரிவு வழியாகத்தான் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும். தோட்டம் வருவதற்கு முன்னால் அவற்றின் பாட்டன் பாட்டி போட்ட பாதை. சிலர் யானையைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவார்கள். சிலர் பட்டாசைக் கொளுத்திப் போடுவார்கள். கும்பிட்ட கையாலேயே கொளுத்துகிறவர்களும் உண்டு. அப்பா இரண்டும் செய்யமாட்டார். எத்தனை உருப்படி என்று எண்ணிவிட்டுப் போனை எடுப்பார். யானை வருகிறது என்று ஜனங்களுக்குச் சொல்லும் வேலை, வனத்துறைச் சம்பளம், ஒன்பது வருஷம். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கல்யாணமாகிப் போன பிறகு அவள் வருவதெல்லாம் பிள்ளைகளின் லீவில். அப்போது யானை வராது.

கேன்டீனும் கட் பண்ணியது. இருபத்தைந்து, கட். இருபத்தாறு, கட். முப்பத்தொன்று, ஊசிக்காரம்மா. ஆச்சரியமாக எடுத்தார்கள்.

"அம்மா, நான் வந்து..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள், குசுகுசுவென்று ஒரு குரல் படபடத்தது: "தெரியும், தெரியும். ஒருத்தரும் வெளிய வரமாட்டோம். நீங்க மொதல்ல போனை வைங்க!"

அதற்கு மேல் அடிக்காமல் அவள் போனைக் கீழே வைத்தாள். விஷயம் அதற்குள் தெரிந்துவிட்டதா? தெரிந்துதான் வரமாட்டேன் என்கிறார்களா?

"நான் நேர்ல போய்ப் பாத்துட்டு வரேன்" என்று கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் பஸ் கண்டக்டர். எப்பேர்ப்பட்ட கூட்டத்தையும் வாயாலேயே நகர்த்திவிடுவார். அரைமணி நேரத்தில் முகம் தொங்கிப்போய்த் திரும்பி வந்தார்.

"ஈ காக்கா இல்ல. எல்லாக் கதவும் சாத்தியிருக்கு. ஒரு ஜன்னல்ல ஒரு அம்மா தெரிஞ்சுது. வாயைத் திறக்கறதுக்குள்ள போ போன்னு கையை ஆட்டுது. அடுத்த வீட்டுல ஒருத்தர் என்னைப் பாத்துத் தலையில அடிச்சுக்கறாரு. சரி, மாமா போயிட்டாருன்னு கத்தியாவது சொல்லலாம்னு பாத்தேன். உதட்டுல விரலை வச்சு, வாயை மூடுங்கறாரு! டிக்கெட் எடுக்காதவனைக்கூட நான் இப்படி விரட்டினதில்ல."

"அந்தக் கேன்டீன்காரர்தான் எல்லாரையும் தூண்டிவிட்டிருக்காரு."

"அறுபது வீட்டையுமா?"

அவளுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து வராத அழுகை, இப்போது கோபத்தோடு சேர்ந்து வந்தது. இத்தனை பேருக்காக ஒன்பது வருஷம் கண்விழித்த மனுஷனைத் தூக்க நாலு தோள் கிடையாதா? கூடவே அப்பா மேலும் கோபம் வந்தது. நாலு பேரிடம் சிரித்துப் பேசத் தெரிந்தால்தானே? பெற்ற பெண்ணிடமே பேசாதவர். திடீர் திடீரென்று அவளுக்கு ஒரு கால் வரும். எடுத்து "அப்பா?" என்றால், "எடுக்காதம்மா. கட் பண்ணிடு, போதும்" என்று சொல்லி அவரே வைத்துவிடுவார். திருப்பிக் கூப்பிட்டால் எடுக்கமாட்டார். பேசப் பிடிக்காதவர் எதற்குக் கூப்பிட வேண்டும்? அந்த ரோஷத்தில் அவள் எடுப்பதையும் விட்டுவிட்டாள், கட் பண்ணுவதையும் விட்டுவிட்டாள். அடித்து ஓயட்டும் என்று தையல் மிஷின் மேலேயே வைத்துவிடுவாள். அடித்து ஓயும். மறுபடி அடிக்கும்.

பதினோரு மணிவாக்கில் வாசலில் ஜீப் வந்து நின்றது. முழங்கால் வரை சேறோடு வனக்காவலர் ஓடிவந்தார்.

"ஐயா எங்க? ஓடையிலேருந்து சதுப்பு வரைக்கும் அலைஞ்சுட்டு வரேன், ஒரு தடம் இல்ல. எந்தப் பக்கம் நிக்குது? எத்தனை உருப்படி?"

"எது?" என்றாள்.

"யானைதாம்மா. எட்டரை மணிக்கு ஊருக்கெல்லாம் ஐயாகிட்டேருந்து கால் வந்திருக்கே. எனக்கு வரல, ஃபேக்டரி வாட்ச்மேன்தான் சொன்னாரு. திருப்பி அடிச்சா பிஸி, பிஸி..."

அப்போதுதான் அவர் கண் கட்டிலுக்குப் போனது. தொப்பியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றார்.

"எப்போ?"

"ஆறு மணிக்கு. அதைச் சொல்லத்தான் வரிசையா போன் பண்ணினேன். ஒருத்தரும் எடுக்கல."

"இந்தப் போன்லேருந்தா?" அவர் தலையில் கைவைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "எப்படிம்மா எடுப்பாங்க? இதுலேருந்து ஒரு தடவை அடிச்சா யானை வந்திருக்குன்னு அர்த்தம். யாரும் எடுக்கக்கூடாது, கட் பண்ணணும். கட் பண்ணினா தகவல் போய்ச் சேந்துடுச்சுன்னு அவருக்குத் தெரியும், அடுத்த வீட்டுக்குப் போயிடுவாரு. எடுத்துப் பேச்சுக் குடுத்தா தொலைஞ்சாங்க, மறுநாள் வீடு தேடிப்போய்த் திட்டுவாரு. நீ பேசற நேரத்துல கடைசி வீட்டுக்காரன் வெளிய வந்து நிப்பான்யான்னு சொல்வாரு."

கணவர், "அதான் வாயை மூடுன்னானா!" என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் முகம் ஒரு மாதிரி கோணியது.

"கேன்டீன்காரர்?" என்று கேட்டாள் அவள்.

"அவரா? வேலைக்குப் போய்ட்டிருந்த பதினாறு பேரை உள்ள இழுத்துப்போட்டு ஷட்டரை இறக்கிட்டாரு. இன்னும் அங்கதான் அடைஞ்சு கிடக்காங்க."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. முழுசாக நம்பவும் முடியவில்லை. காலையிலிருந்து தன்னை அறைந்த கதவெல்லாம் அப்பாவின் சொல்லுக்குச் சாத்திய கதவுகளா?

"யாராவது கட் பண்ணலைன்னா?"

"விடமாட்டாரு. திரும்பத் திரும்ப அடிப்பாரு. அப்பவும் இல்லைன்னா கம்பை எடுத்துக்கிட்டு நேர்லயே போயிடுவாரு."

அவள் கட்டிலைப் பார்த்தாள். பிறகு சுவரில் தொங்கிய தன் பையைப் பார்த்தாள்.

"ஜீப்ல போய்ச் சொல்லிடலாமே" என்றார் கணவர்.

"யார் சொன்னாலும் திறக்கமாட்டாங்க சார். அவரு அப்படிப் பழக்கி வச்சிருக்காரு. யானை போனதும் அடுத்தடுத்து ரெண்டு தடவை அடிப்பாரு. அது வந்தாத்தான் வெளிய வருவாங்க."

காவலர் போனுக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. "நானே பண்றேன்" என்றாள்.

பச்சைக்கதவு. அடித்தாள், கட். அடித்தாள், கட். இருமல்காரர், இரண்டு தடவை. ரெட்டைப்பிள்ளை வீடு, இரண்டு தடவை. பத்தாவது வீட்டுக்குள் பழகிவிட்டது. வாசல் வழியே சரிவு தெரிந்தது. ஒரு கதவு திறந்தது. அப்புறம் நாலைந்து. ஒரு பெண் வாளியைத் தூக்கிக்கொண்டு குழாய்க்குப் போனாள். கேன்டீனுக்கு அடித்ததும் தூரத்தில் ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது. யாரோ வெளியே வந்து, இந்த வீட்டு வாசலில் ஜீப் நிற்பதைப் பார்த்துவிட்டு, ஃபேக்டரிப் பக்கம் திரும்பாமல் மேலே ஏறத் தொடங்கினார். அவர் பின்னால் ஒரு கும்பல் வந்தது.

அறுபத்தொன்று. காவலரின் சட்டைப்பையில் மணி அடித்தது. அவர் பார்க்காமலேயே கைவிட்டுக் கட் பண்ணினார், இரண்டு தடவையும்.

"கடைசி நான்தான். முடிஞ்சுதும்மா, வையுங்க."

முடியவில்லை. கீழே இன்னும் ஒன்று இருந்தது. அறுபத்திரண்டு, பொண்ணு.

அவள் கட்டை விரல் அந்தப் பட்டன் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அழுத்தினாள்.

ஆணியில் மாட்டியிருந்த பையில் அவளுடைய போன் ஒலித்தது. எழுந்துபோய் எடுத்தாள். 'அப்பா' என்று எழுத்து மின்னியது.

கட் பண்ணினாள்.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள். பின்னாலேயே ஒன்றொன்றாக நிறையச் செருப்புகள். அவள் திரும்பிப் பார்க்காமல், அப்பாவின் போனில் அந்த எண்ணை இன்னொரு தடவை அடித்தாள். கையிலிருந்த தன் போன் ஒலித்தது.

கட் பண்ணினாள்.