சுண்ணாம்புத் தொட்டிச் சாட்சி

பிரிசில்லா வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். அந்தப் பாழாய்ப்போன குணம்தான் அவள் குடியைக் கெடுத்தது.

காட்பாடியிலிருந்து ஆராய்ச்சி செய்ய வந்த பூர்ணிமா பார்க்கச் சாதுவாக இருந்தாள். ஆம்பூர் ஷூ கம்பெனி ஆட்களின் ஞாபகத்தைச் சோதிக்கிறார்களாம். அங்கே வேலை செய்யும் மகன் இன்பராஜின் சின்ன வயதில் நடந்த மூன்று விஷயங்களைப் பிரிசில்லா சொல்ல வேண்டும். நடக்காத ஒன்றைப் பூர்ணிமா சேர்த்துக்கொள்வாள். நான்கையும் அம்மா சொன்னதாகவே அவனிடம் சொல்வார்கள்.

"நாங்களே உண்மையைச் சொல்ற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாதும்மா."

"எம்புள்ள இன்னா லூசா, இல்லாததை நம்ப?" என்று சிரித்துக்கொண்டே பைபிள் மேல் கை வைத்தாள் மகராசி.

அந்த இல்லாதது இதுதான்: அம்மா தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்த காலத்தில், ஐந்து வயது மகனைத் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டி ஓரம் விட்டுவிட்டு எங்கோ போய்விட்டாள். பிள்ளை உள்ளே விழுந்தான். யாரோ ஒருத்தி வெளியே தூக்கிப் போட்டாள்.

முதல் தடவை கேட்டபோது இன்பராஜ் உதட்டைப் பிதுக்கினான். கண்ணை மூடி யோசி, நன்றாக யோசி என்றார்கள். அடுத்த தடவை தொட்டியின் நாற்றம் வந்தது. அதற்கடுத்த தடவை கால் எரிந்தது. முழங்காலுக்குக் கீழே கஞ்சி கொட்டிய தழும்பு ஒன்று உண்டு, பாவி அதையே தடவித் தடவிப் பார்த்தான். அம்மா போட்ட சோற்றைத் தள்ளிவிட்டு ஓட்டலில் சாப்பிட ஆரம்பித்தான்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்ல எழுந்தான்.

"பெத்தவ என்னை விட்டுட்டுப் போனா. கர்த்தர் கைவிடல. சுண்ணாம்புத் தொட்டிலேர்ந்து தூக்கி எடுத்தாரு!"

அல்லேலூயா என்று சபையே அழுதது. பாயில் பிரிசில்லாவுக்குப் பக்கத்தில் இருந்த பெண் சேலையை இழுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அப்போதாவது எழுந்து கத்தியிருக்கலாம். பைபிள் மேல் வைத்த கையாச்சே! அந்தக் கையை மடியில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து பூர்ணிமாவுக்குப் போன் போட்டுக் கதறினாள்.

"கொஞ்சம் பொறுங்கம்மா. ஒருத்தருக்குத் தெரிஞ்சா கம்பெனி வேன் முழுக்கத் தெரிஞ்சிடும், மத்தவங்க சோதனை கெட்டுடும்னு புரொபசர் சொல்றாரு."

புரொபசர் வேதாசலத்துக்குச் சோதனை கெடக் கூடாது. குடும்பம் கெட்டால் அவருக்கென்ன?

கிறிஸ்துமஸ் நெருங்கும்போதுதான் பூர்ணிமா வந்தாள். இன்பராஜை உட்கார வைத்து எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். "அப்படி எதுவுமே நடக்கலைங்க."

"நடக்கலைன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"உங்கம்மாதான்..."

"எந்த அம்மா மேடம் ஒத்துக்குவா?"

பூர்ணிமாவின் ஆராய்ச்சி மொத்தமும் நின்றது அம்மாக்களின் வாய்ச்சொல்லில்தான். "இன்பராஜ், அந்தத் தொட்டிக் கதையை நானே ஹாஸ்டல்ல உக்காந்து கட்டினேன்."

"நீங்களா கட்டல மேடம். கர்த்தர் உங்க வாயில வச்சாரு."

சபை நடுவே நின்று சொன்னது பொய்ச்சாட்சியாகிவிட்டதென்று அவன் எப்படி ஒப்புக்கொள்வான்? அம்மா பக்கம் திரும்பினான். குரல் குழைந்தது.

"ஒரே ஒரு வாட்டி ஒத்துக்கம்மா. மன்னிச்சுடறேன். உங்கையால சாப்பிடறேன்."

பிரிசில்லா பூர்ணிமாவைப் பார்த்தாள். இவள் இன்னும் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல மாட்டாளா என்று ஏங்கினாள். பூர்ணிமா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமாண்டா," என்றாள் பிரிசில்லா. "விட்டுட்டுதான் போனேன்."

அவன் அவள் மடியில் விழுந்து ஓவென்று அழுதான். பூர்ணிமாவின் போன் அடித்தது. "முடிஞ்சுது சார்," என்று மெல்லச் சொன்னாள். "உண்மையைச் சொல்லிட்டேன்." செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பிரிசில்லா சோறு பிசைந்து ஊட்டினாள். எத்தனை நாளைக்குப் பிறகு! முதல் வாயை விழுங்கிவிட்டு அவன் ஆசையாகக் கேட்டான்.

"அன்னிக்கு எங்க போயிருந்த? சொல்லும்மா."

பிரிசில்லா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள்.