இடக்கைச் சம்மட்டி

பீலிம் டியர்னி ஓங்கிய சம்மட்டி அந்தரத்தில் நின்றது. கொட்டகையின் அந்தக் கோடியில், கப்பலுக்கான பீரங்கிக் கோபுரத்துப் பக்கம், இரண்டு சம்மட்டிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. புரூக்ளின் ஆற்றங்கரையில் அந்த ஒரு கப்பல் தளத்தில் மட்டும் நூற்றுக்கணக்கான சம்மட்டிகள். எது யாருடையது என்று கடவுளுக்கே குழப்பம் வரும். பீலிமுக்கு வராது. அரைக்கணம் தாமதித்துக் கனமாக இறங்குகிற அடி லூட்கருடையது. எட்டு வருஷமாக அந்த இடைவெளியை நிரப்பியவன் பீலிம். இப்போது நிரப்புகிறவன் வேறொருவன்.

"எறக்குய்யா, ரிவிட்டு ஆறுது" என்றான் எதிரே நின்ற புதுக்கூட்டாளி. போன மாதம்வரை சவரக்கடை வைத்திருந்தவன். உள்நாட்டுப் போரில் எதிரணியான தெற்கத்திக்காரர்கள் இரும்புக் கப்பல் கட்டுகிறார்கள் என்று செய்தி வந்ததிலிருந்து வாஷிங்டனில் யாருக்கும் தூக்கமில்லை. கையும் காலும் உள்ளவனெல்லாம் கப்பல் கட்டுகிறவன் ஆகிவிட்டான்.

எதிரெதிரே நின்று, இரும்புத் தகடுகளைப் பிணைக்கும் ஒரே ரிவிட்டைச் சூடாறுவதற்குள் மாற்றி மாற்றி அடிக்கிற இருவரில் ஒருவன் இடக்கையனாக இருந்தால் சம்மட்டிகள் முட்டிக்கொள்ளாது, வேலை பறக்கும். நல்ல இடக்கையனுக்கு ஊரெல்லாம் கிராக்கி. அவசரம் கோபுரத்தில் என்றதும் மேஸ்திரி, கூடையில் நல்ல மீனைப் பொறுக்குகிறவர்போல லூட்கரை மட்டும் பொறுக்கிக்கொண்டு போய், மெய்ன் மாகாணத்துப் பக்கத்திலிருந்து வந்த சைலஸ் என்பவனோடு ஜோடி சேர்த்துவிட்டார். சைலஸ் விசிலடித்துக்கொண்டே வேலை செய்கிறவன். வேலை நேரத்தில் லூட்கர் சிரித்து பீலிம் பார்த்ததே இல்லை, இப்போது சிரிக்கிறான். அவன் பெண்டாட்டி கட்டிக்கொடுக்கும் புளித்த முட்டைக்கோசில் பாதி இத்தனை வருஷமாக பீலிமுக்கு வரும். அதன் நாற்றத்தை அவன் ஒருநாளும் திட்டாமல் விட்டதில்லை. அந்தப் பாதியை சைலஸ் விரலை நக்கி நக்கித் தின்பதைப் பார்த்த அன்றைக்கு பீலிமுக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டில் பெண்டாட்டி நோராவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "நான் எவன்கூடயாவது ஓடிப்போயிருந்தாக்கூட, நீ சாப்பிட்டு முடிச்சுட்டுத்தான் தேடக் கெளம்பியிருப்பே" என்றாள்.

கடற்படைப் பரிசோதகர் ஒருவர் சின்னச் சுத்தியலோடு வந்து ஒவ்வொரு ரிவிட்டையும் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் நல்லது. சொத்தென்றால் சுண்ணக்கட்டியால் ஒரு சிலுவை. சிலுவை விழுந்ததை வெட்டியெடுத்து மறுபடி அடிக்க வேண்டும். சிலுவையைக் கேள்வி கேட்க அந்தத் தளத்தில் ஆள் கிடையாது. மேஸ்திரிகூட வாயைத் திறக்கமாட்டார்.

மதியச் சங்கு ஊதி எல்லோரும் பீர்க்கடைக்குப் போன நேரத்தில் பீலிம் கோபுரத்துக்குள் ஏறினான். கால்சட்டைப் பையில் சுண்ணக்கட்டி இருந்தது. ஒரு வரிசை முழுக்கச் சிலுவை போட்டான்.

நினைத்தபடியே எல்லாம் நடந்தது. மேஸ்திரி சிலுவைகளைப் பார்த்தார். முகம் வெந்த நண்டாய்ச் சிவந்தது. விசில்காரனைக் கப்பலின் பக்கவாட்டுக்கு, பீலிம் நின்ற இடத்துக்கு விரட்டினார். "பழைய ஜோடியே வரட்டும்" என்று பீலிமைக் கூப்பிட்டார். பீலிம் அவசரப்படாமல், தலையைச் சொறிந்துகொண்டே, பேரம் படிந்ததை முகத்தில் காட்டாத வியாபாரியைப் போல வந்து நின்றான்.

"வந்துட்டியா" என்றான் லூட்கர். அவ்வளவுதான். பீலிமுக்கு அதுவே போதுமாக இருந்தது.

லூட்கர் உளியைப் பிடித்தான், பீலிம் அடித்தான். தளர்ந்த ரிவிட்டு என்றால் இரண்டு அடியில் தலை தெறித்துவிடும். இது அசையவில்லை. வியர்வை வழிய வழிய அடித்து ஒருவழியாகப் பிடுங்கினார்கள். அடுத்ததும் அப்படியே, உளிதான் மழுங்கியது. மூன்றாவதில் லூட்கர் உளியை வைக்கவில்லை. சம்மட்டியின் ஓரத்தால் தட்டினான். மாதாகோயில் மணிபோலக் கணீரென்றது. கட்டைவிரலால் சிலுவையைத் தேய்த்து, விரலைப் பார்த்தான். பிறகு பீலிமின் கால்சட்டைப் பையைப் பார்த்தான். பையின் வாய் வெளுத்திருந்தது.

"சைலஸ் நல்லா அடிச்சிருக்கான்ல?" என்றான் லூட்கர்.

பீலிம் உளியைத் தேடுகிறவன்போலக் குனிந்தான்.

"அவன் மட்டும் அடிக்கலடா. இதுல பாதி அடி என்னுது."

அது பீலிமுக்குத் தோன்றவே இல்லை. சுண்ணக்கட்டியை இழுத்தபோது ஒவ்வொரு ரிவிட்டுத் தலையிலும் அவனுக்குத் தெரிந்தது சைலஸின் மூஞ்சி மட்டும்தான்.

பிடுங்கிய துளையில் உலைக்காரன் புது ரிவிட்டை இடுக்கியில் கொண்டுவந்து செருகினான். மறுபக்கம் நின்றவன் ரிவிட்டுக்கு முட்டுக்கொடுத்துத் தட்டி, தயார் என்றான். பீலிம் முதல் அடியை இறக்கினான். வழக்கமான அளவுக்கு இடைவெளி விட்டான். லூட்கர் சம்மட்டியை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினான். மறுபடி இடக்கைக்கே மாற்றினான். ஓங்கவில்லை. மஞ்சளாக வந்த ரிவிட்டு சிவந்து, ஓரத்திலிருந்து கறுக்கத் தொடங்கியது. கொட்டகையின் அந்தக் கோடியில், சவரக்காரனுக்கு எதிரே நின்று, ஒருவன் விசிலடித்துக்கொண்டிருந்தான்.