கொடுத்த முயலைத் திருடியவள்

கண்ணாடிக் கடையில் எல்லோரும் அவளைக் கௌண்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலுக்கு நேரே இருக்கும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களை விசாரிப்பதும், தயாரான கண்ணாடியை அவர்களுக்கு மாட்டிவிட்டு மூக்கில் சரியாக உட்காருகிறதா, காதுக்குப் பின்னால் உறுத்துகிறதா என்று கேட்பதும் அவள் வேலை. வாய் ஓயாத, கலகலப்பான ஆள். படியில் தவறி விழுந்து இடுப்பில் அடிபட்டுக்கொண்டு, படுத்த படுக்கையாகக் கிடந்த நாட்களில்தான் அவள் குரோஷா பழகினாள். கைப்பேசியில் யாரோ ஒரு பெண் பின்னிக் காட்டுவதைப் பார்த்துப் பார்த்து, கொக்கி ஊசியும் உல்லன் நூலுமாகப் போராடினாள். வட்டமான விரிப்பு ஒன்றைப் பின்னப் போக, அது ஓரம் சுருண்டு தொப்பியாகிவிட்டது. கணவர் அதைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்து காட்டினார்.

கை பழகிய பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. பூ, உறை, பொம்மை என்று பின்னித் தள்ளினாள்.

"டிவி ரிமோட்டுக்கே சட்டை போட்டாச்சு. இனிமே வீட்டுல பாக்கி நான்தான்" என்றார் கணவர்.

வீடு நிறைந்ததும் பின்னல் கடைக்கு வந்தது. கண் பரிசோதனை செய்கிற பெண்ணை எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள். அவள் படித்தது டாக்டருக்கு இல்லை. அவளுக்கு ஒரு கண்ணாடி உறை. பின்னறையில் லென்ஸ் வெட்டுகிறவருக்கு டீ கிளாஸ் வைத்துக்கொள்ள ஒரு வட்டம். முதலாளியின் பேனாக் குவளைக்கு ஒரு சட்டை, டிஷ்யூ பெட்டிக்கு ஒரு மூடி. டாக்டரம்மாவின் பிறந்தநாளுக்கு உள்ளங்கை அளவில் ஓர் ஊதா முயல். கொடுத்துவிட்டு உடனே போய்விட மாட்டாள். எதிரிலேயே நின்று, வாங்கியவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"நல்லா இருக்கா? உண்மையைச் சொல்லணும்" என்பாள்.

அப்படி நின்று கேட்டால் உண்மையைச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஒருநாள் மதியம் ஃபிரேம் பெட்டிகள் எடுக்க அவள் சரக்கு அறைக்குப் போயிருந்தாள். அதற்கும் லென்ஸ் வெட்டும் அறைக்கும் நடுவில் இருந்தது வெறும் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் டாக்டரம்மாவும் லென்ஸ்காரரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நூல்கண்டு காலையிலேயே பையும் கையுமா வந்திருக்கு. இன்னைக்கு யார் தலையில கட்டப் போகுதோ" என்றார் லென்ஸ்காரர்.

டாக்டரம்மா சிரித்தாள். "என் வீட்டுல ஒரு பை நிறைய சேர்ந்துபோச்சு. தூக்கிப் போடவும் மனசு வரல, வச்சுக்கவும் இடமில்ல. போன தடவை நான் நல்லா இருக்குன்னு சொன்னதுதான் தப்பு, அதே மாதிரி இன்னொண்ணு வந்துடுச்சு."

"நான் ஒரு வழி கண்டுபிடிச்சுட்டேன். கிளாஸ் வைக்கக் குடுத்தாங்களே, அதுலதான் மெஷின் துடைக்கிறேன். சும்மா சொல்லக்கூடாது, எண்ணெயை நல்லா உறிஞ்சுது."

கௌண்டர் அக்காவுக்கு நூல்கண்டு யார் என்று புரிய ஒரு மூச்சு நேரம் ஆனது. புரிந்ததும் காது மடல் இரண்டும் சூடேறின. பெட்டிகளை நெஞ்சோடு அணைத்தபடி, மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்டுவிடக் கூடாது என்று அசையாமல் நின்றாள். அவர்கள் மேல் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. அவள் விழுந்த அன்று ஆட்டோ பிடித்து, மடியில் அவள் தலையைத் தாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவள் இந்த டாக்டரம்மாதான். நல்லவர்கள். நல்லவர்களையே இப்படிப் பேச வைக்கும் அளவுக்குப் பிடுங்கி எடுத்திருக்கிறோமே என்றுதான் அவளுக்குக் கூசியது. கொடுத்த ஒவ்வொன்றும், நின்று பார்த்த ஒவ்வொரு முகமும் நினைவுக்கு வந்தன. 'அய்யோ, எதுக்கு அக்கா இதெல்லாம்' என்று அவர்கள் சொன்னபோது அதைப் பணிவு என்று நினைத்திருந்தாள். அவர்கள் உண்மையாகவே கேட்டிருக்கிறார்கள்.

அவர்கள் போன பிறகு பின்னறையை எட்டிப் பார்த்தாள். மெஷின் ஓரத்தில் அந்த வட்டம் கிடந்தது. மஞ்சளும் வெள்ளையுமாகப் பின்னியது, கரி பிடித்துக் கெட்டியாகியிருந்தது.

கடையில் இருக்கும் தன் பொருட்களையெல்லாம் யாருக்கும் தெரியாமல் எடுத்துவிடுவது என்று அன்றே முடிவு செய்தாள். அவர்களுக்குத் தொல்லை விடும், தன் கண்ணிலும் படாது. முதலில் டிஷ்யூ பெட்டியின் மூடியை உருவிக் கைப்பைக்குள் திணித்தாள். யாரும் கேட்கவில்லை. பேனாக் குவளையின் சட்டையைக் கழற்றினாள். அதையும் யாரும் கேட்கவில்லை. காணாமல் போனதுகூடத் தெரியாத பொருட்களுக்காகவா கண்ணைக் கெடுத்துக்கொண்டோம் என்று இன்னும் குன்றிப்போனாள்.

டாக்டரம்மா வெளியே போயிருந்த ஒரு மதியம், பரிசோதனை அறைக்குள் நுழைந்தாள். முயலைக் காதில் நூல் கட்டி விளக்குக் கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். தூக்கில் போட்டதுபோல அது ஆடிக்கொண்டிருந்தது. வேடிக்கைக்குச் செய்ததாக்கும் என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவிழ்த்து எடுத்து, தன் மேசை டிராயரில் பழைய உறைகளுக்கு அடியில் போட்டு மூடினாள்.

மறுநாள் ஒரு தாய் சின்னப் பெண்ணோடு வந்தாள். குழந்தைக்கு மாறுகண், அடிக்கடி வருகிறவர்கள். உள்ளே போன சிறிது நேரத்தில் வீறிட்டு அழும் சத்தம் கேட்டது. டாக்டரம்மா வேகமாக வெளியே வந்தாள்.

"என் முயலை யார் எடுத்தது? அதை ஆட்டிக் காட்டினாத்தான் பிள்ளைங்க கண்ணை அசைக்காம பார்க்கும். அது இல்லாம எனக்குக் கையே ஓடாது!"

தாயும் பின்னாலேயே வந்தாள். "முயல் ஆன்ட்டிகிட்டப் போலாம்னு சொல்லித்தாங்க இவளைக் கிளப்பிக் கூட்டிட்டு வந்தேன்."

கௌண்டர் அக்காவின் கை டிராயர் பிடியில் இருந்தது. இழுத்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஏன் எடுத்தாய் என்று கேட்பார்களே? பலகைத் தடுப்புக்குப் பின்னால் நின்று கேட்டதைச் சொல்ல வேண்டியிருக்குமே? நாளைக்குக் காலையில் பழையபடி தொங்கவிட்டுவிடலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

முதலாளி நெற்றியைச் சுருக்கினார். "என் பேனாக் குவளையில இருந்ததும் காணோம். டிஷ்யூ பெட்டி மேல இருந்ததும் இல்ல. இன்னைக்குப் பொம்மை போகும், நாளைக்கு ஃபிரேம் போகும்."

"மின்னல்தான் அன்னைக்கு முயலைக் கையில வச்சுப் பார்த்துட்டு இருந்தா. என் பொண்ணுக்கு இப்படி ஒண்ணு கிடைக்குமான்னு கேட்டா" என்றாள் டாக்டரம்மா. சொன்ன பிறகு அவளுக்கே அது பிடிக்கவில்லை போலிருந்தது. "நான் ஒண்ணும் சொல்லல. கேட்டாங்கறதைச் சொன்னேன்."

தரை துடைக்கிற பெண்ணுக்கு அந்தக் கடையில் மின்னல் என்று பெயர். அவள் துடைப்பானோடு போனால் அடுத்த நிமிடம் தரை காய்ந்திருக்கும். முதலாளி அவளைக் கூப்பிட்டுப் பையைக் கொண்டுவரச் சொன்னார். எதற்கு என்று புரிந்தபோது அவள் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. மறுபேச்சில்லாமல் பையைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தாள். சாப்பாட்டு டப்பா, மாற்றுச் சட்டை, பல் உடைந்த சீப்பு, கைவெடிப்புக்குப் போடும் களிம்பு. கடைசியாக ஒரு நாப்கின் பாக்கெட் விழுந்தது. அதை அவள் அவசரமாக உள்ளங்கையால் மூடினாள். லென்ஸ்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அப்போதுதான் கௌண்டர் அக்காவுக்குக் குரல் வந்தது.

"என்கிட்டத்தான் இருக்கு. அழுக்கா இருந்துச்சு, துவைக்கலாம்னு எடுத்து வச்சேன். எல்லாத்தையும் நான்தான் எடுத்தேன்."

முயலை எடுத்து நீட்டினாள். முதலாளி பெரிதாகச் சிரித்தார். "அடடே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அக்கா! இவ்வளவு களேபரம் ஆகிப்போச்சு." டாக்டரம்மா முயலைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். "சரி சரி, நீ போய் வேலையைப் பாரு" என்றார் முதலாளி மின்னலிடம். அவ்வளவுதான்.

மின்னல் ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்தாள். கௌண்டர் அக்கா சீப்பை எடுத்துக் கொடுக்கக் கை நீட்டினாள். மின்னல் முந்திக்கொண்டாள்.

பின்பக்கக் குழாயடியில் வாளி நிரம்பிக்கொண்டிருந்தபோது அவள் மின்னலைத் தேடிப் போனாள். குழந்தைபோல எல்லாவற்றையும் கொட்டினாள்: சரக்கு அறையில் கேட்டது, வெட்கம் தாங்காமல் எடுத்தது, துவைப்பதற்கு என்று சொன்னது பொய் என்பது.

மின்னல் குழாயை மூடினாள். "பையைத் திறக்கச் சொன்னப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"அங்கதான் நின்னேன்."

"அதைத்தான் கேக்குறேன்."

"வாய் வரலம்மா."

"சரி. இப்ப வந்து என்கிட்டச் சொல்றீங்க. எதுக்கு? நான் எடுக்கலன்னு எனக்கு முன்னாடியே தெரியும் மேடம்."

நேற்று வரைக்கும் வாய்க்கு வாய் அக்கா என்றவள். கௌண்டர் அக்கா வாளியைத் தூக்க உதவப் போனாள். அவள் மறு கையால் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் கேலி எதுவும் செய்யவில்லை. நெடுநேரம் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"நாளைக்கு நானும் கடைக்கு வரட்டுமா?"

"நீங்க வந்து என்ன செய்யப் போறீங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன். எதிர்த்த பக்கம் நிப்பேன், அவ்வளவுதான்."

வேண்டாம் என்றாள். ஆனால் காலையில் அவர் பேருந்து நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தார்.

வாடிக்கையாளர்கள் வருவதற்கு முன்பே அவள் எல்லோரையும் முன்பக்கம் கூப்பிட்டாள். மின்னலும் துடைப்பானைச் சுவரில் சாத்திவிட்டு வந்து நின்றாள். இரவெல்லாம் அடுக்கி வைத்திருந்த வாக்கியம் எதுவும் கைகொடுக்கவில்லை.

"நேத்து நான் சொன்னது பொய். துவைக்க எடுக்கல. நீங்க பேசினதைக் கேட்டேன். எனக்கு... அசிங்கமாப் போச்சு. அதான் ஒண்ணொண்ணா எடுத்தேன். மின்னல் பையைக் கொட்டுற வரைக்கும் சும்மா நின்னேன். அது உங்க யார் தப்பும் இல்ல, என் தப்பு." மின்னல் பக்கம் திரும்பினாள். "என்னை மன்னிச்சுடும்மா."

லென்ஸ்காரர் குனிந்து செருப்பைப் பார்த்தார். டாக்டரம்மாவின் முகம் கன்றிச் சிவந்தது. "அக்கா, நான் சொன்னது உண்மைதான். வீட்டுல ஒரு பை இருக்கு. ஆனா அந்த முயல் இல்லாம என்னால வேலை பார்க்க முடியாதுங்கறதும் உண்மை. ரெண்டையும் உங்ககிட்ட நேரா சொல்லியிருக்கணும்." பிறகு, "மின்னல், நான் உன் பேரை எடுத்திருக்கவே கூடாது" என்றாள்.

முதலாளிக்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றி, "நானும் அவசரப்பட்டுட்டேன். மனசுல வச்சுக்காதே" என்றார். மின்னல் தலையை ஆட்டினாள். வச்சுக்க மாட்டேன் என்றா, வச்சுக்குவேன் என்றா, யாருக்கும் விளங்கவில்லை.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பும்போது மின்னல் கௌண்டருக்கு வந்தாள். பையை மேசைமேல் வைத்து வாயை விரித்துக் காட்டினாள்.

"பார்த்துக்குங்க மேடம்."

"என்ன மின்னல் இது? வேண்டாம்மா."

அவள் ஜிப்பை மூடிக்கொண்டு போனாள். மறுநாளும் அப்படித்தான். முதலாளி கெஞ்சிப் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் கௌண்டர் அக்கா எழுந்து நிற்பாள், அந்தப் பையின் வாய்க்குள் பார்க்காமலிருக்கக் கண்ணைத் தாழ்த்திக்கொள்வாள்.

ஒருநாள் அவளுக்குத் தாங்கவில்லை. தன் கைப்பையை எடுத்து அதே மேசையில் கவிழ்த்தாள். நூலும், கொக்கி ஊசியும், பாதி பின்னிய முயலும், வலி மாத்திரையும் சிதறின.

"என்னோடதையும் நீ பார்த்துக்கோ."

மின்னல் அந்தக் குவியலைப் பார்த்தாள். பாதி முயலையும் பார்த்தாள்.

"என் பொண்ணுக்கா?"

"ஆமாம்மா. அன்னைக்கு நீ கேட்டேன்னு டாக்டரம்மா சொன்னாங்களே..."

"வேணாம் மேடம். எடுத்து உள்ள வைங்க, ஆளுங்க வர்றாங்க."

ஊசியைத் தேடிப் பொறுக்கும்போதுதான் தான் செய்துகொண்டிருந்தது அவளுக்கு உறைத்தது. பையைக் கவிழ்த்துவிட்டு, மின்னலின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். நல்லா இருக்கா, உண்மையைச் சொல்லணும் என்று கேட்காத குறை. மன்னிப்பையும் பின்னிக் கையில் திணித்து, வாங்கிக்கோ வாங்கிக்கோ என்று நின்றிருக்கிறாள். அன்று சரக்கு அறையில் சுட்டதைவிட இது அதிகமாகச் சுட்டது. வீட்டுக்குப் போனதும் பாதி முயலை அவிழ்த்து நூலைச் சுற்றி வைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் மின்னலிடம் எதையும் கேட்கவில்லை. காலையில் பார்த்தால் ஒரு சிறு தலையசைப்பு, அவ்வளவுதான். துடைத்த தரை காயும்வரை உள்ளே வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி வைத்தாள். டாக்டரம்மாவும் லென்ஸ்காரரும் அவளிடம் சில நாள் அளவுக்கு மீறிப் பதமாகப் பேசினார்கள், பிறகு சலித்து, பழையபடி ஆனார்கள். பின்னறையில் அந்த வட்டம் சோப்பில் ஊறவைத்துத் துவைக்கப்பட்டுக் காய்ந்தது; கரி போகவில்லை. கௌண்டர் அக்கா பின்னுவதை நிறுத்தவில்லை. ஆனால் யாராவது கேட்டால் ஒழியக் கொடுப்பதில்லை, கொடுத்தால் நிற்பதில்லை. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

மின்னல் எப்போது பையைக் காட்டுவதை விட்டாள் என்று அவளால் சொல்ல முடியாது. ஒரு சாயங்காலம் வராமல் நேராக வாசலுக்குப் போனாள், மறுநாளும் அப்படியே போனாள். அவள் போகும்போது கௌண்டர் அக்கா ஏதோ வேலையிருப்பதுபோலக் குனிந்துகொண்டாள். கன்னம் சூடாக இருந்தது.

பிறகு ஒரு மழைநாள் காலையில், யாரும் இல்லாத நேரத்தில், மின்னல் வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்.

"தண்ணி கேன் வந்திருக்கு. நீங்க வந்து கையெழுத்துப் போடணுமாம்."

மேடமும் இல்லை, அக்காவும் இல்லை. "இதோ வர்றேன்" என்று கௌண்டர் அக்கா எழுந்தாள். ஈரத் தரையில் வழுக்கிவிடாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து நடந்தாள்.