எனக்குக் கணவன் விழுந்தது

எங்கள் மாதர் சங்கத்துக்கான திறன் விருத்திப் பயிற்சி ஒரு காலையில் தொடங்கி இப்போது சில வருடங்கள் ஆகின்றன. மதியச் சாப்பாட்டு இடைவேளை இன்னும் வரவில்லை. சோற்றுப் பார்சலின் வாசனை மட்டும் தொடக்கத்திலிருந்தே வாசலில் நிற்கிறது.

பயிற்சி என்றால் முதலில் குழு பிரிப்பார்கள். எங்களைப் பழங்களின் பெயரால் பிரித்தார்கள். மாம்பழக் குழுவினர் நன்றாகக் கனிந்துவிட்டதால் அவர்களைப் பெட்டிகளில் அடுக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். நாங்கள் அன்னாசிக் குழு. எங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று வளவாளர் சொன்னார். பயிற்சி தருகிறவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பெயர் நிலாந்தினி மிஸ். நல்ல மனுசி, எப்போதும் சிரித்தபடி இருப்பார். சிரிப்பை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

எங்கள் சங்கம் பெரிய சங்கமல்ல. அடிக்குப் பயந்து ஓடிவரும் பெண்களை ஒளித்து வைக்கிறோம், அவ்வளவுதான். அதற்கு ஒரு வீடு இருக்கிறது. அது எங்கே என்பது தலைவியான எனக்கு மட்டும் தெரியும். அது நாங்களே போட்ட விதி. இப்போது அங்கே சுகிர்தா இருக்கிறாள். அவளுடைய புருசன் தவசீலன் கத்தியோடு ஊர் ஊராய்த் தேடித் திரிகிறான். கண்டால் வெட்டுவான். நான் கூட்டிச் சொல்லவில்லை, அவனே சந்தையில் நின்று சொன்னான்.

"இப்ப நடிச்சுப் பாப்பம்," என்றார் நிலாந்தினி மிஸ்.

எனக்கு இந்த நடிப்பு அறவே பிடிக்காது. கண்டறியாத நடிப்பு! செய்ய வேண்டிய வேலை அப்படியே குவிந்து கிடக்கிறது. ஆனால் உதவி தருகிறவர்கள் நடிக்கச் சொன்னால் நடிக்கத்தானே வேண்டும். யாருக்கு எந்த வேடம் என்று எழுதிய துண்டுகளைத் தொப்பிக்குள் போட்டுக் குலுக்கினார்கள். எனக்குக் 'கணவன்' விழுந்தது.

மிஸ் ஒரு சேர்ட்டை நீட்டினார். நீலக் கோடு போட்ட சேர்ட். பைக்குக் கீழே பீடி சுட்ட ஓட்டை ஒன்று. அந்த ஓட்டையை எனக்குத் தெரியும். அந்தப் பீடியைத் தவசீலன் அதற்குப் பிறகு எங்கே வைத்து அணைத்தான் என்று சுகிர்தா தன் மணிக்கட்டைக் காட்டிச் சொன்னாள். நான் அதை ஒருவருக்கும் சொன்னதில்லை.

"மிஸ், இது எங்க எடுத்தனீங்கள்?"

"உடுப்பெல்லாம் தலைமைக் கந்தோரில இருந்து வாறது."

"வேற சேர்ட் இல்லையோ?"

"அளவு சரியாத்தானே இருக்கு."

சரியாகத்தான் இருந்தது. சேலைக்கு மேலாகப் போட்டுப் பொத்தான்களைப் பூட்டினேன். பூட்டியதும் பொத்தான் துளைகள் தைத்ததுபோல மூடிக்கொண்டன. சேலையைக் குனிந்து பார்த்தேன். சேலை இல்லை, ஆம்பிளைச் சாரம் கட்டியிருந்தேன். தாடையைத் தடவினேன். சவரம் செய்ய வேண்டியிருந்தது.

"யோகமலர், உனக்கு நல்லாப் பொருந்துது," என்றார் அடுத்த கதிரையில் இருந்த பூமணியக்கா. அவர் எங்கள் சங்கத்தின் பொருளாளர்.

"விசர்க் கதை கதையாதேங்கோ அக்கா," என்றேன். தவசீலனின் குரலில் சொன்னேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். நான் பொத்தான்களைப் பிய்க்கப் பார்த்தேன்.

"மிஸ், காணும். நான் கழட்டப் போறன்."

"இடையில வெளிய வரேலாது. மனம் பாதிக்கும்."

"அப்ப எப்ப வாறது?"

"கணவன் தன்ர மனுசியக் கண்டுபிடிச்ச பிறகு."

"அவ எங்க எண்டு அவனுக்குத் தெரியாது மிஸ்."

"உங்களுக்குத் தெரியும்தானே," என்றார் மிஸ். சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஒரு அடி கூட எடுத்து வைக்க மாட்டேன் என்று தூணைக் கட்டிப் பிடித்தேன். மண்டபம் நீளத் தொடங்கியது. சுவரில் ஒட்டியிருந்த தாள்கள் கிடுகு வேலியாயின. தரை மணலாயிற்று. நான் நடக்கவில்லை. தெருதான் என் காலுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. தூணும் கூடவே வந்தது, பிறகு அதுவும் பின்தங்கிவிட்டது. சாரத்துக்குள் இடுப்பில் ஏதோ செருகியிருந்தது. நான் தொட்டுப் பார்க்கவில்லை.

வேண்டுமென்றே பிழையான பக்கம் திரும்பினேன். கடற்கரைக்குப் போனேன். கடற்கரை சுகிர்தா இருக்கும் வீட்டுக்குப் பின்னால் வந்து நின்றது. பஸ் நிலையத்துக்குப் போனேன். அங்கே நின்றது ஒரே ஒரு பஸ், அதன் பலகையில் அந்த வீடு இருக்கும் ஒழுங்கையின் பெயர் எழுதியிருந்தது. வழியை மறக்கப் பார்த்தேன். மறக்க மறக்க வீடு கிட்ட வந்தது.

அன்னாசிக் குழு முழுவதும் பிளாஸ்டிக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்தது. நான் நின்றால் அவர்கள் கதிரையைப் போட்டு இருந்தார்கள்.

"பூமணியக்கா, ஓடிப்போய் அவளிட்டச் சொல்லுங்கோ!"

"எங்கயெண்டு ஓட? நீதானே இடத்த ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"அப்ப என்னைப் பிடியுங்கோ! எல்லாருமாச் சேந்து அமத்திப் பிடியுங்கோ!"

பூமணியக்கா தன் துண்டை விரித்துக் காட்டினார். 'பார்த்துக்கொண்டிருக்கும் அயலவர்' என்று இருந்தது.

"எனக்கு இதுதானே விழுந்தது. பிடிக்கிறதெண்டு இதில இல்லையே பிள்ளை."

மற்றவர்களும் விரித்துக் காட்டினார்கள். எல்லோருக்கும் அயலவரே விழுந்திருந்தது.

"அக்கா, நீங்கள் எத்தினை பொம்பிளையளக் காப்பாத்தின ஆள்!"

"அது சங்கத்தில. இது பயிற்சி."

ஒழுங்கை முடிந்தது. அந்த வீட்டின் பச்சைக் கதவு மூக்குக்கு முன்னால் நின்றது. அப்போதுதான் ஒரு எண்ணம் வந்தது. தவசீலனின் இந்தக் குரலைக் கேட்டால் சுகிர்தா செத்தாலும் கதவைத் திறக்கமாட்டாள். கத்தினால் போதும், பின்பக்கத்தால் ஓடிவிடுவாள். அப்பாடா என்றிருந்தது. மூச்சை நன்றாக இழுத்து, ஓடு என்று கத்தினேன்.

"பயப்படாத பிள்ளை. நான் யோகமக்கா வந்திருக்கிறன்."

வாயிலிருந்து வந்தது இதுதான். அதுவும் என்னுடைய சொந்தக் குரலில். அழுகிற பிள்ளைகளை ஆற்றுவதற்காக நான் வருடக் கணக்காகப் பழக்கி வைத்திருக்கும் குரல்.

"அக்காவோ?" உள்ளே சுகிர்தா கேட்டாள். "பயந்தே போனன். தனியவோ வந்தனீங்கள்?"

திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் கதிரைகளில் இருந்தார்கள். இடைஞ்சல் செய்யக்கூடாது என்று ஒருவரும் இருமக்கூட இல்லை. மிஸ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"ஓம் பிள்ளை, தனியத்தான்."

மேல் கொண்டி கழன்றது. கீழ்க் கொண்டி இறுகிக் கிடந்தது. அவள் இழுத்தாள், வரவில்லை. வரக்கூடாது, கடவுளே, வரக்கூடாது என்று மன்றாடினேன். என் கை சாரத்துக்குள் போய்க் கத்தியின் பிடியைப் பிடித்தது.

"அக்கா, இது இறுகிப் போச்சு. எனக்குத் திறக்கத் தெரியேல்லை."

"கொஞ்சம் மேல தூக்கிப்போட்டு இழு பிள்ளை," என்று சொல்லிக் கொடுத்தேன்.

கீழ்க் கொண்டியும் கழன்றது. கெட்டிக்காரப் பிள்ளை. சொன்னவுடன் பிடித்துக்கொண்டாள்.